சுவரேறிய உண்ணி

துறைமுகத்தின் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் எட்டு மோப்ப நாய்கள் இருந்தன. கப்பலில் வந்திறங்கும் பெட்டிகளில் ஒளித்துக் கடத்தப்படுவதை முகர்ந்து காட்டுவது அவற்றின் வேலை. அவை தூங்கும் கொட்டில்களைக் கழுவுவது அவளுடைய வேலை. பன்னிரண்டு வருடங்களாகச் செய்துவந்தாள். நேரில் எல்லோரும் அக்கா என்றார்கள். முதுகுக்குப் பின்னால் பினாயில் அக்கா. அது அவளுக்குத் தெரியும். "பினாயில்னா சுத்தம்தானே. வேற பேரு வெக்காத வரைக்கும் சரி" என்பாள்.

அதற்கு முன்பு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். அங்கே தலைமை நர்ஸ் வெள்ளைக் கைக்குட்டையால் கட்டில் காலைத் தேய்த்துப் பார்ப்பார். கைக்குட்டை கறுத்தால் வார்டு முழுவதையும் மறுபடி துடைக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் அவளுடைய வார்டில் கைக்குட்டை கறுத்தது இரண்டு தடவை. இரண்டுக்கும் அவளிடம் காரணம் இருந்தது. கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

கிடங்குக்கு வந்தபோது அவளுக்கு நாய் என்றாலே பயம். முதல் நாள் எட்டும் சேர்ந்து குரைத்ததில் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பயிற்சியாளர் உண்டு. அவர்களில் மூத்தவர் மீசைக்காரர். அவர்தான் சொன்னார்.

"அதுங்க உன்னத் திட்டல தங்கச்சி. துடைப்பத்தத் திட்டுது. அத வெளிய வெச்சிட்டு உள்ள போ. மோந்து பாத்துட்டு விட்டுரும்."

வெறுங்கையோடு போனாள். எட்டு மூக்குகள் அவளை முகர்ந்தன. மறுநாள் துடைப்பத்தோடு போனாள். மூன்றாம் மாதம் அவள் காய்ச்சலில் படுத்தபோது இரண்டு நாய்கள் கிண்ணத்தைத் தொடவில்லை என்று செய்தி வந்தது. அவளுடைய கணவர் பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவர். "எனக்கு உடம்பு சரியில்லன்னா நீ ரெண்டு வாய் கூடச் சாப்பிடுற. நாயைப் பாத்துக் கத்துக்கோ" என்றார்.

கிடங்கு உயரமானது. இரண்டு பக்கமும் நான்கு நான்கு கொட்டில்கள். சுவரில் ஆள் உயரம் வரை வழுவழுப்பான பெயிண்ட், அதற்கு மேலே பழைய பூச்சு. அந்தப் பூச்சின் மேல் இங்கே வேலை பார்த்து ஓய்ந்த நாய்களின் படங்கள் வரிசையாக இருந்தன. மொத்தம் பத்தொன்பது. முதலில் அவை மெல்லிய தகரச் சட்டத்தில் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் புதிதாக வந்த பிரிவு அதிகாரி எல்லாவற்றுக்கும் தடித்த மரச் சட்டம் போட்டுக் கொடுத்தார். நாய்கள் நம்மைக் குனிந்து பார்ப்பது போலிருக்க வேண்டும் என்று முன்பக்கம் சாய்த்து மாட்டச் சொன்னார். படங்களைத் தொடக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். வருடத்துக்கு ஒருநாள் மீசைக்காரர் மட்டும் ஏணியில் ஏறிக் கண்ணாடியைத் துடைப்பார். முதல் படம் கேப்டனுடையது. கேப்டன் அவருடைய முதல் நாய். அதைத் துடைக்கும்போது யாரும் பேசக் கூடாது.

காலை ஆறு மணிக்கு வெந்நீர் கொதிக்கும். தரையில் ஒரு இடுக்கு விடாமல் ஊற்றுவாள். பிறகு பினாயில், பிறகு மறுபடி தண்ணீர். தரை காய்ந்ததும் நாய்களை ஒவ்வொன்றாகப் பலகையில் நிறுத்திப் பேன் சீப்பால் வாருவாள். உண்ணி கிடைத்தால் கட்டை விரல் நகத்தில் வைத்து இன்னொரு நகத்தால் அழுத்துவாள். சின்னதாகச் சத்தம் கேட்கும். அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. வேலை முடிந்தது என்று யாரோ சொல்வது போல.

"அக்கா, இன்னிக்கு எத்தன விக்கெட்?" என்று பயிற்சியாளர்கள் கேட்பார்கள்.

"நாலு."

"யார் பந்துல?"

"ரெண்டு ஒண்ணாம் நம்பர் காதுல. ரெண்டு உங்க ஆளோட விரல் இடுக்குல. நீங்க பாக்கவே மாட்டீங்களா?"

"பாத்தா உங்களுக்கு வேல இருக்காதேக்கா."

அவர்களும் நகத்தில்தான் நசுக்கினார்கள். மீசைக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நாயின் கழுத்தில் விரலை விட்டுத் தேடிக்கொண்டிருப்பார்.

கடந்த ஒரு வருடமாக விக்கெட் கூடிக்கொண்டே வந்தது. நான்கு எட்டானது. எட்டு இருபதானது. அவள் வெந்நீரை இன்னொரு அண்டா கூட்டினாள். இருபது முப்பதானது.

முதலில் நோயில் விழுந்தது மீசைக்காரரின் நாய். அதன் கொட்டில் கேப்டன் படத்துக்கு நேர் கீழே. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தும்மியபோது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. டாக்டரம்மா வந்தார். வாரத்துக்கு ஒருமுறை வரும் கால்நடை மருத்துவர் அவர். ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். வெளுத்திருந்தது. காது நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்தார்.

"கால்ல எடுக்க மாட்டீங்களா டாக்டரம்மா?" என்று அவள் கேட்டாள்.

"காது நுனியில ரத்தம் மெதுவா ஓடும். இந்தக் கிருமி அங்க மாட்டிக்கிட்டு நிக்க வாய்ப்பு அதிகம். உண்ணிக் காய்ச்சல் மாதிரிதான் தெரியுது."

அதுவேதான். நான்கு வாரத்துக்கு மாத்திரை. ஐந்தாம் நாள் நாய் எழுந்து தண்ணீர் குடித்தது. அதே ஐந்தாம் நாள் மீசைக்காரர் வேலைக்கு வரவில்லை.

காய்ச்சலோடு மண்டை பிளக்கும் தலைவலி. அவர் வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்ன வேலை என்று மருத்துவர் கேட்டார். அரசாங்க வேலை என்றார் மீசைக்காரரின் மனைவி. மருத்துவர் அப்படியே எழுதிக்கொண்டார். அந்தப் பருவத்தில் வரும் காய்ச்சல்களுக்கான பரிசோதனைகள் நடந்தன. ஒன்றிலும் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் அவள் பார்க்கப் போனாள். மீசை தொங்கிவிட்டிருந்தது. மணிக்கட்டில் சிவப்புப் பொட்டுகள். கையைத் திருப்பினாள். உள்ளங்கையிலும் இருந்தன. போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்த்தாள். அங்கேயும்.

"அண்ணே, இது எப்பலருந்து?"

அவர் அவளை யாரென்று சரியாகத் தெரிந்ததாகக் காட்டவில்லை.

வராந்தாவில் நின்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாய் கூட வேல பாக்கறவர்னு அங்க சொன்னீங்களா?"

யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவளே மருத்துவரின் அறைக் கதவைத் தட்டினாள். "சார், அவர் நாய்ப் பிரிவுல இருக்காரு. தினமும் உண்ணி எடுப்பாரு. நகத்துல நசுக்குவாரு" என்றாள். மருத்துவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எழுந்து வந்து அந்த உள்ளங்கையைத் தானே திருப்பிப் பார்த்தார். பரிசோதனை முடிவு வரக் காத்திராமல் அன்றைக்கே மருந்தை மாற்றினார். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் மீசைக்காரர் கண்ணைத் திறந்து, "என் ஆள் சாப்பிட்டானா?" என்று கேட்டார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "என்னக் கேக்கல, பிள்ளைங்களக் கேக்கல."

டாக்டரம்மா கிடங்குக்கு வந்து எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"நாய்கிட்டருந்து அவருக்கு ஒட்டல. நாய்க்கு வந்தது ஒரு கிருமி, அவருக்கு வந்தது வேற. ரெண்டு கடுதாசி, ஒரே தபால்காரன். உண்ணிதான் தபால்காரன். கடிச்சும் குடுக்கும். நசுக்குனா அதுக்குள்ள இருக்கறது உங்க விரல்ல படும். நகக்கண்ணுல கீறல் இருந்தா அது போதும்."

எல்லோரும் தத்தம் நகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கையுறை போடுங்க. சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. திருகாதீங்க. ஸ்பிரிட்ல போடுங்க. காய்ச்சல் வந்தா டாக்டர் கேக்கலன்னாலும் நாய்கூட இருக்கேன்னு நீங்களே சொல்லுங்க."

"போன வருசம் எனக்குப் பத்து நாள் காய்ச்சல். மழைல நனைஞ்சதுன்னு நெனச்சேன்" என்றாள்.

"இதுவா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இப்ப சொல்ல முடியாது."

பன்னிரண்டு வருடப் பெருமை ஒன்று அன்றோடு போயிற்று. அதற்கு வருத்தப்பட அவளுக்கு நேரமில்லை. மறுநாள் மெமோ வந்தது.

'கொட்டில்களைச் சுத்தமாகப் பராமரிப்பதில் தாங்கள் காட்டிய அலட்சியத்தால் ஊழியர் ஒருவரின் உயிருக்கு ஆபத்து நேர்ந்துள்ளது. தங்களை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதற்கு இக்கடிதம் கண்ட பதினைந்து தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' கீழே பிரிவு அதிகாரியின் கையெழுத்து.

வேலை போய்விடும் என்பதைவிட அந்த ஒரு சொல் அவளைப் பிடுங்கியது. அலட்சியம். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் தாளைக் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"உன்னையா? நான் காலக் கழுவாம உள்ள வந்தா என்னையே பணிநீக்கம் பண்றவ நீ."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. விளக்கம் கேட்டிருக்கான், குடு. எங்கருந்து வருதுன்னு கண்டுபிடி. அதான விளக்கம்."

மறுநாள் டாக்டரம்மாவைப் பிடித்தாள். "தினமும் கழுவறேன். அதுங்க எங்கருந்து வருது?"

"நாய் மேல இருக்கறது கொஞ்சம்தான். இது கட்டடத்துக்குள்ளயே குடித்தனம் பண்ற உண்ணி. பொம்பள உண்ணி வயிறு நிறையக் குடிச்சதும் நாயை விட்டு இறங்கிடும். இடுக்கு தேடிப் போய் முட்ட போட்டுட்டுச் செத்துடும். ஆயிரம், ரெண்டாயிரம், அதுக்கு மேலயும். கழுத்துல விடற மருந்து மாசா மாசம் வந்தா அங்கயே சாகும். உங்க ஆபீஸ்ல அது ரெண்டு மாசத்துக்கு ஒருதடவதான் வருது."

எட்டு நாள் இடுக்கு தேடினாள். படுக்கைப் பலகைகளைப் புரட்டினாள். கதவுக் கீல்களில் கம்பியை விட்டாள். சாக்கடை மூடியைக் கழற்றினாள். தரையில் ஒரு விரிசல்கூட இல்லை. இருந்ததையெல்லாம் அவளே சிமெண்ட் வைத்து அடைத்திருந்தாள். ஒன்றிரண்டு உண்ணி கிடைத்தது. கூடு கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பத்து இருபதுக்கு மீசைக்காரரின் நாய் உடம்பை உதறியது. அவரைக்காய் விதை அளவுக்கு ஊதிய உண்ணி ஒன்று தரையில் விழுந்தது. கை தன்னால் போயிற்று. நிறுத்திக்கொண்டாள். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உண்ணி சிறிது நேரம் அசையவில்லை. பிறகு சுவரை நோக்கி நடந்தது. நடந்தது என்று சொல்லலாமா தெரியவில்லை. இருந்த இடத்தில் இல்லை என்பதுதான் தெரிந்தது. சுவரை அடையப் பதினைந்து நிமிடம் எடுத்தது. ஏறத் தொடங்கியது. அவள் பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்து அது நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு.

"அக்கா, பஸ்ஸுக்கு நிக்கிறீங்களா?"

"ஆமா. எங்க போகுதுன்னு பாத்துட்டு ஏறலாம்னு இருக்கேன்."

"கொன்னு போடாம ஊர்வலம் விட்டுட்டிருக்கீங்களே!"

"கொன்னா இதோட வீட்ட யார் காட்டுவா? தள்ளிக்கோ, நிழல் விழுது."

பெயிண்டில் ஒருமுறை வழுக்கி இரண்டு கோடு கீழே வந்தது. அவளுக்குத் தூக்கிவிடலாம் போலிருந்தது. மறுபடி ஏறியது. ஆள் உயரம் தாண்டி, பெயிண்ட் முடியும் இடம் தாண்டி, பழைய பூச்சில் கால் ஊன்றியதும் வேகம் கூடியது. அவள் பக்கெட்டின் மேல் ஏறி நின்றாள். பதினொன்று நாற்பத்தைந்துக்கு அது கேப்டன் படத்தின் கீழ்ச் சட்டத்தை அடைந்தது. ஓரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் போய்விட்டது.

பின்னால் நின்ற பயிற்சியாளர் ஒருவர் சொன்னார்: "படத்துல கை வெச்சா மீசையண்ணன் கொன்னுடுவாரு."

அவள் மனு எழுதினாள். படங்களை இறக்கிச் சோதிக்க அனுமதி வேண்டும் என்று இரண்டே வரி. மாலையே திரும்பி வந்தது. ஓரத்தில் அதிகாரியின் கையெழுத்தில்: 'தேவையற்றது. படங்கள் இப்பிரிவின் மரியாதை சம்பந்தப்பட்டவை.'

ஆஸ்பத்திரிக்குப் போனாள். மீசைக்காரர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சொன்னாள். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கேப்டன் மேலயா பழியப் போடற?"

"கேப்டன் மேல இல்லண்ணே. கேப்டன் முதுகுக்குப் பின்னால."

"உன் வேலயக் காப்பாத்திக்க ஏதாவது சொல்லாத. ஒரு உண்ணி போச்சு, அவ்வளவுதான. நான் இல்லாம யாரும் அதுல கை வெக்கக் கூடாது."

அவள் எழுந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது அவளிடம் ஒரு யோசனை இருந்தது.

கிடங்கில் சரக்குப் பெட்டிகளை ஒட்டும் அகல டேப்புக்குப் பஞ்சமில்லை. படத்தைத் தொடவே கூடாது, சரி, தொடவில்லை. ஏணி போட்டு ஏறி, கேப்டன் படத்தைச் சுற்றிச் சுவரில் ஒரு சாண் தள்ளி நாலு பக்கமும் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே தெரியும்படி கட்டினாள். முனைகளை மட்டும் ஒட்டினாள். உள்ளேயிருந்து வருவதும் வெளியிலிருந்து போவதும் அதன்மேல்தான் நடக்க வேண்டும்.

"என்னக்கா, கேப்டனுக்கு வேலியா?" என்றார் டேப் கொடுத்த பயிற்சியாளர்.

"வேலி இல்ல தம்பி. சோதனைச் சாவடி. இவ்வளவு நாள் மத்தவங்க பெட்டிய நாம சோதிச்சோம்ல."

பதினைந்தாம் நாள் விசாரணை. அதிகாரி வந்தார், தாள்களோடு குமாஸ்தா வந்தார், டாக்டரம்மா வந்தார். சாட்சி சொல்ல மீசைக்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். சட்டை தோளில் தொங்க, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாய் அவரைப் பார்த்துவிட்டுக் கம்பிக் கதவில் பாய்ந்தது.

"விளக்கம் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"சுவத்துல இருக்கு சார்."

"தாள்ல குடுக்கணும்."

"தாள்லயும் இருக்கு. மொதல்ல சுவத்தப் பாத்துடுங்க. படத்த நான் தொடல."

குமாஸ்தா ஏணியில் ஏறினார். அவருக்கு உயரம் ஆகாது. ஒரு கையால் ஏணியையும் மறு கையால் தன் மூக்குக் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டார்.

"என்ன தெரியுது?" என்றார் அதிகாரி.

"டேப் சார்."

"டேப் தெரியாதா எனக்கு. டேப்புல?"

"உண்ணி சார். வெளி ஓரத்துல... அஞ்சு. பெருசு பெருசா. தல மேல பாத்து இருக்கு. உள் ஓரத்துல..." அவர் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டார். "நெறைய சார். சின்னது. தட்டையா. எல்லாம் வெளிய பாத்து."

"புரியுதா சார்?" என்றாள். "குடிச்சிட்டு வீட்டுக்குப் போறது அஞ்சு. பசியில வேலைக்குக் கெளம்புனது மிச்சம். வீடு நடுவுல இருக்கு."

அதிகாரி டாக்டரம்மாவைப் பார்த்தார். "இத நான் சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

"அந்தப் படத்த எறக்கறதுன்னா..." என்று அதிகாரி இழுத்தார்.

மீசைக்காரர் மனைவியின் கையை விட்டார். "ஏணிய இப்படிப் போடு" என்றார்.

"அண்ணே, உங்களால முடியாது."

"கேப்டன வேற எவனும் எறக்க முடியாது."

"சரி. கையுறை போடுங்க. சட்டைக் கைய உள்ள விடுங்க. அவசரப்படாதீங்க." அவள் தரையில் வெள்ளை விரிப்பை விரித்தாள். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் அண்டா. அவர் இரண்டு படி ஏறி மூச்சு வாங்கினார், மறுபடி ஏறினார். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். படம் ஆணியிலிருந்து கழன்றது. கை மாறி, கை மாறி இறங்கி, விரிப்பின் மேல் குப்புறப் படுத்தது.

பின் அட்டை பழுப்பாக இருந்தது. பிறகு பழுப்பு அசைந்தது.

சட்டத்தின் உள் விளிம்பு முழுக்க அவை அடுக்கி வைத்தது போல இருந்தன. அட்டை பெயர்ந்த மூலைகளில் கசகசாவைக் கொட்டி வைத்ததுபோல் முட்டைகள். காய்ந்த தோல்கள் உதிர்ந்தன. வெளிச்சம் பட்டதும் வெள்ளை விரிப்பில் புள்ளிகள் நாலா பக்கமும் பரவின. அதிகாரி பின்வாங்கியதில் நாயின் தண்ணீர்க் கிண்ணத்தில் கால் வைத்தார். குமாஸ்தா மறுபடி ஏணியில் ஏறி நின்றுகொண்டார்.

"பன்னெண்டு வருசமா கழுவறேன்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "வெந்நிய ஊத்த ஊத்தக் கீழ பொழைக்க முடியாம மேல ஏறிடுச்சு. மேல நல்ல எடமா இருந்துச்சு. தடிச்ச சட்டம், சாஞ்ச படம், பின்னால இருட்டு. தொட ஆளில்ல. ரெண்டு வருசமா குடித்தனம் பண்ணுது."

இரண்டு வருடம் என்றதும் எல்லோரும் அதிகாரியைப் பார்க்காமலிருக்க முயன்றார்கள்.

மீசைக்காரர் படத்தின் பக்கத்தில் குந்தினார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்; ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் சிரிப்பு. "எட்டு வருசம் பெட்டி பெட்டியா மோந்து கண்டுபிடிச்சான். தன் முதுகுல கடத்தல் நடக்கறது தெரியல பாரு." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி, அன்னிக்கு உன்னப் பேசிட்டேன்."

"கஞ்சிக் கோபம்ணே அது. விடுங்க."

மாலைக்குள் பத்தொன்பது படங்களும் இறங்கின. பதினாறில் இருந்தது. படங்களைத் தனியே பிரித்தெடுத்துவிட்டுச் சட்டங்களையும் அட்டைகளையும் வெளியே எரித்தார்கள். நாய்களைச் சில நாள் வேறு கட்டடத்துக்கு மாற்றி மருந்தடித்தார்கள். சுவரை உச்சி வரை பூசி விரிசலடைத்துப் பெயிண்ட் அடித்தார்கள். மிச்ச முட்டைகள் பொரிந்து வருபவை தப்பாமலிருக்க மறுபடி மருந்தடித்தார்கள். கழுத்து மருந்து மாதம் தவறாமல் வந்தது. ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. முதல் மாதம் ஒன்பது, இரண்டாம் மாதம் இரண்டு. இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட் சீசாவில் போட்டாள். மூன்றாம் மாதம் சீசா காலியாக இருந்தது. யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

அதற்கு முன்பே, விசாரணை முடிந்த அன்றே, அதிகாரி கால் நனைந்த செருப்போடு அவளிடம் சொல்லியிருந்தார்: "சரிம்மா. மெமோவ மனசுல வெச்சிக்காத. விட்டுரு."

"அது வாயால வரல சார். தாள்ல வந்துச்சு. தாள்லயே போகட்டும்."

"எழுதிடலாம்."

எழுதவில்லை. அவள் தினமும் பதினோரு மணிக்கு, கொட்டில் வேலை முடிந்ததும், கை கழுவிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா முதல் வாரம் கோப்பு மேலே இருக்கிறது என்றார். இரண்டாம் வாரம் கீழே வந்துவிட்டது என்றார். "நடுவுல இருக்கற மாடில எறங்கிடுச்சா பாருங்க" என்றாள். மூன்றாம் வாரம் தாள் வந்தது. நின்றபடியே படித்தாள். 'எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி எச்சரிக்கப்பட்டு, மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது.'

மேஜையில் திருப்பி வைத்தாள்.

"என்னக்கா? வேல போகல. சந்தோசமா வாங்கிக்கோங்களேன்."

"எச்சரிக்கைன்னா தப்பு பண்ணேன்னு அர்த்தம். நான் என்ன தப்பு பண்ணேன்? நகத்துல நசுக்குனேன், அது தப்பு. அதுக்கு எச்சரிச்சா வாங்கிக்கறேன். இது அலட்சியம்னு சொன்ன மெமோ."

"சார் கையெழுத்துப் போட்டுட்டாரே."

"இன்னொண்ணுல போடுவாரு. கை நல்லாத்தான இருக்கு."

குமாஸ்தா தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, நின்றது. அவள் பெஞ்சில் உட்காரவில்லை. இருபது நிமிடத்தில் புதிய தாள் வந்தது, மை காயாமல். படித்தாள். மறுபடி படித்தாள். நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

கிடங்கில் எல்லோரும் இருந்தார்கள். மீசைக்காரர் அன்றுதான் முழுநேர வேலைக்குத் திரும்பியிருந்தார். அவர் நாய் காலடியில் கிடந்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"படி, கேப்போம்."

"நீங்களே படிங்கண்ணே."

"உனக்கு வந்தத நீ படி."

அவள் தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் நின்று படித்ததற்குப் பிறகு இப்படிப் பலர் நடுவில் எதையும் படித்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'மேற்படி ஊழியரின் பணியில் அலட்சியம் எதுவும் காணப்படவில்லை. அவர்மீது அனுப்பப்பட்ட குறிப்பாணை முழுமையாகத் திரும்பப் பெறப்படுகிறது. நோய்க்கான காரணத்தைக் கண்டறிந்தவர் அவரே என்பது பதிவுசெய்யப்படுகிறது.'"

யாரோ விசிலடித்தார்கள். எட்டு நாய்களும் குரைக்கத் தொடங்கின. அவள் சும்மா இருங்க என்று யாரிடமும் சொல்லவில்லை.

"கடைசி வரி சத்தத்துல கேக்கல" என்றார் மீசைக்காரர். "இன்னொரு தடவ படி."

அவள் நாய்கள் ஓயும்வரை காத்திருந்து, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள்.